மன்மதனுக்கு நடந்த ஒப்பரேசன்

கொத்மலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டும் வினோஜனுக்கு முப்பது வயது. மாசியில் காமன் கூத்து வந்தால் மன்மதன் வேசம் அவனுக்குத்தான். அப்படியொரு ஆட்டம்! ஆனால் கல்யாணம் என்று யாராவது வாயெடுத்தால் போதும், மன்மதன் பதுங்கிவிடுவான். காரணத்தை யாரிடம் சொல்வான், பாவம்? முன்தோல் இறுகிப்போய்ப் பின்னால் நகராது. ஒன்றுக்குப் போனாலே எரியும்.

அவனுக்காகக் காத்திருந்த பிரேமினி ஒருநாள் வெடித்துவிட்டாள். "என்னயப் புடிக்கலன்னா மொகத்துக்கு நேரா சொல்லிருங்க!"

தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னான்.

"அட மனுசா, இதுக்கா இம்புட்டு வருசம்? டொக்டர்கிட்ட போங்க."

அட்டன் ஆஸ்பத்திரி டொக்டர் முதலில் களிம்பு கொடுத்துப் பார்த்தார். சரிவரவில்லை. "தோல எடுத்துருவோம் தம்பி. மரத்துப்போக ஊசி போட்டுட்டுத்தான் வெட்டுவேன். தையல் தானாக் கரைஞ்சிரும். ரத்தம் நிக்காட்டியும் சீழ் வச்சாலும் ஒடனே ஓடி வரணும்" என்றார். தை மாதம் காரியம் முடிந்தது.

சாரத்தை முன்னால் தூக்கிப் பிடித்து, காலை அகட்டி அவன் லயத்து வீடுகளுக்கு நடுவே நடந்த நடையைப் பார்த்தால் ஊர் சும்மா விடுமா? "வினோஜன் சுன்னத்து பண்ணிக்கிட்டான், மதம் மாறிட்டான்" என்று மேல் லயத்தில் கிளம்பிய பேச்சு, கீழ் லயத்துக்கு இறங்குவதற்குள் அவனுக்குப் புதுப்பெயரே வைத்துவிட்டது. வேலையற்ற வாய்கள்! பிரேமினியின் அப்பா லெட்சுமணன்தான் தோட்டத்துத் தலைவர். "மாறுனவனுக்கு மன்மதன் வேசமும் இல்ல, எம்பொண்ணும் இல்ல" என்று ஒரே போடாகப் போட்டார்.

காமன் கம்பம் ஊன்ற நாள் குறிக்கும் கூட்டம் கோயில் வாசலில் நடந்தது. வினோஜனும் போயிருந்தான். இன்று வாயை மூடினால் பிரேமினி போய்விடுவாள். எழுந்தான்.

"மதம் மாறுறது தப்பில்ல. மாறியிருந்தா மாறுனேன்னு சொல்லுவேன். நான் மாறல. எனக்கு ஒரு நோவு, தோல் இறுகிப்போச்சு, டொக்டர் எடுத்துவிட்டாரு. அம்புட்டுத்தான்!"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் மெல்ல வந்தது: "ரொம்ப வலிக்குமா தம்பி?"

"நாலஞ்சு நாளு வலிக்கும். மாத்திர இருக்கு."

"புள்ள பொறக்குமா?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லங்க."

"அப்ப எல்லாரும் செஞ்சுக்கணுமா?"

"வேணாங்க. நல்லா இருக்கவன் சுத்தமாக் கழுவுனாலே போதுமாம். எனக்கு இப்ப எரிச்சல் இல்ல, நிம்மதியா இருக்கேன்."

தலைவர் மட்டும் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்.

மறுநாள் கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் பின்னால் லெட்சுமணன் தனியாக நின்றார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சீனி வருத்தம் வந்ததுல இருந்து எனக்கும் இதே கததான் தம்பி. வெளியில சொல்லவா முடியுது? அந்த டொக்டரு என்னைக்கு இருப்பாரு?"

"நானே கூட்டிட்டுப் போறேன் மாமா. அப்ப வேசம்?"

"நீ கட்டாம வேற எவன் கட்டுறது?"

அந்த மாசியில் வினோஜன் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, அடேயப்பா! தப்படித்தவர்கள் கை ஓய்ந்தார்கள், அவன் கால் ஓயவில்லை. பிரேமினி எல்லோருக்கும் முன்னால் நின்று கைதட்டினாள்.

டொக்டர் முதலில் சீனியைக் குறைக்க வைத்து, பங்குனிக் கடைசியில் தலைவருக்கும் ஒப்பரேசனை முடித்தார். சித்திரையில் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு லெட்சுமணன் சாரத்தைத் தூக்கிப் பிடித்து, காலை அகட்டி, ஊர்வலத்துக்கு முன்னால் ராஜநடை நடந்தார். அவர் மதம் மாறிவிட்டதாக ஒருவரும் சொல்லவில்லை.