மூக்கு தூக்கிய விமானமும் ஏகாம்பரம் அண்ணனும்

வளவனூரில் மச்சான் வீட்டுக் கல்யாணப் பந்தியில் இருந்தபோது போன் வந்தது. "தம்பி, அண்ணன் பூட்டாருப்பா," என்று அழுதார் ஏகாம்பரம் அண்ணன் வீட்டு அண்ணி. மாரடைப்பு. இலையை மூடிவிட்டுத் திண்டிவனத்துக்குக் கிளம்பினேன்.

கேப்டன் ஏகாம்பரத்தோடு பறந்த உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்? ஆனாலும் சொல்லியாக வேண்டும். கம்பெனி அவரைப் பற்றிச் சொன்னதுதான் இன்னும் ஊரெல்லாம் சுற்றுகிறது.

நாங்கள் ஓட்டியது சரக்கு விமானம். நான் துணை விமானி. விழுப்புரத்துக்காரன் என்று தெரிந்த நாளிலிருந்து என்னோடு ஊர்ப்பேச்சுதான். "மூக்கு மொதல்ல குந்தட்டும் தம்பி, அப்பறம் ரிவர்ஸ இழு. இன்னா அவசரம், பஸ்ஸா பூடப்போவுது?" என்பார். இறங்கிய விமானத்தின் வேகத்தைக் குறைக்க இன்ஜின் விசையை எதிர்ப்பக்கம் திருப்புவதுதான் ரிவர்ஸ். முன்சக்கரம் தரையில் பதியாமல் அவர் கை அந்தப் பிடியின் பக்கமே போகாது. அவர்மீதுதான் அவசரப்பட்டு இழுத்தார் என்ற பழி.

அன்று வழியில் ஓர் ஊரில் முன்பகுதிச் சரக்கை இறக்கினார்கள். இறக்கினால், பின்னால் இருப்பதை முன்னே நகர்த்திக் கட்டவேண்டும். இல்லையென்றால் வால் கனத்துவிடும். "நவுத்திட்டீங்களா?" என்று அண்ணன் கேட்டார். "ஆச்சு சார்," என்றார் அங்கிருந்த பொறுப்பாளர். எங்கே ஆச்சு? நேரமாகிறதென்று அப்படியே கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

அடுத்த ஊரில் இறங்கினோம். முன்சக்கரம் பதிந்தது, நான் பார்த்தேன். அதன் பிறகே அண்ணன் ரிவர்ஸை இழுத்தார்; இழுத்ததும் மூக்கு மறுபடி எழும்பியது. எங்கள் விமானத்தின் இன்ஜின்கள் வாலருகே, உயரத்தில் இருப்பவை. அவை மேலிருந்து பின்னுக்கு இழுக்க, பின்பாரமும் சேர்ந்துகொண்டது. எதிரே ஓடுபாதை மறைந்து வானம் தெரிந்தது. ஐயோ என்று கத்தினேன். அண்ணன் ரிவர்ஸை மூடி, கன்ட்ரோலை முன்னால் தள்ளிப் பிடித்தார். மூக்கு இறங்கிய பிறகே பிரேக்கை மிதித்தார். வால் கொஞ்சம் உரசியிருந்தது, அவ்வளவுதான்.

முன்சக்கரம் பதியும் முன்பே ரிவர்ஸை இழுத்தார் என்று கம்பெனி முடிவு கட்டியது. நான் பார்த்ததைச் சொன்னேன். கேப்டன் மேல் விசுவாசம் என்று சிரித்தார்கள். எந்த நொடியில் எது நடந்தது என்று காட்டும் விமானத்தின் கருவிப் பதிவைக் கேட்டேன், கண்ணில் காட்டவில்லை. அண்ணனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திண்டிவனம் கடைத்தெருவில், "பிளேன் மூக்க தூக்கனவரு போறாரு பாரு," என்று சொந்தக்காரனே கிண்டலடித்தான். கேஸ் போடலாம் என்றால், "உடு தம்பி, உசுரோட வந்துட்டோம் இல்ல?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சாவுக்குக் கம்பெனி அதிகாரி ஒருவர் ஆளுயர மாலையோடு வந்தார். "அருமையான விமானிம்மா," என்றார். அண்ணி எழுந்து நின்றார்.

"அவரு மேல தப்பு இல்லன்னு எல்லார் முன்னாலயும் ஒரு வார்த்த சொல்லுங்க. சொல்லிட்டு மாலையப் போடுங்க."

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா?"

"அப்ப எடுத்துக்கினு போங்க."

எடுத்துக்கொண்டு போனார்.

அண்ணனின் பொறுமை எனக்கு வேண்டாம். அது அவரோடு எரிந்துபோகட்டும். அவர் படாமல் விட்ட கோபம் இருக்கிறதே, அதைத்தான் நான் வைத்துக்கொண்டேன்.