ஏட்டம்மா இடிக்கச் சொன்ன சுவர்

இருபத்தாறு வருடம் காவல்துறையில் இருந்தும் ஏட்டம்மா ஒரு கொலைகாரனைக்கூடப் பிடித்ததில்லை. வீட்டுக்காரர் அவ்வப்போது இதைச் சொல்லிச் சிரிப்பார். பள்ளி வேன் ஓட்டும் அவர் தினமும் முப்பது பிள்ளைகளைச் சமாளிக்கிறவர். சட்டம் ஒழுங்கில் மனைவியைவிடத் தனக்கே அனுபவம் அதிகம் என்பது அவர் கட்சி.

ஏட்டம்மாவின் பொறுப்பில் இருந்தவை ஸ்டேஷனுக்குப் பின்னால் உள்ள நாலு தெருக்கள். வேலைக்கு ‘மக்கள் நட்புக் காவல்’ என்று பெயர். மக்களோடு நட்பாக இருக்கலாம்; அவர்கள் உரிமையோடு புகார் கொடுக்க வந்துவிடும் அளவுக்கு நட்பாகிவிடக் கூடாது. இன்ஸ்பெக்டருக்குப் பூஜ்யம் என்றால் உயிர். மாதக் கடைசியில் மேலிடத்துக்குப் போகும் பட்டியலில் எத்தனை பூஜ்யம் விழுகிறதோ, அவர் முகத்தில் அத்தனை சாந்தம் தெரியும். புகார்தாரர்கள் உட்கார வாங்கிப் போட்ட இரண்டு மர பெஞ்சுகள் வார்னிஷ் வாசனைகூடப் போகாமல் இருந்தன. வந்தவர்களை வாசலிலேயே நிற்க வைத்து, சமாதானம் சொல்லி அனுப்புவதில் ஸ்டேஷன் அவ்வளவு தேர்ச்சி பெற்றிருந்தது.

அப்படி அனுப்ப முடியாத ஒரே ஆள், தெருக்களின் பாதுகாப்புக் குழுத் தலைவர். பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். அவருக்குத்தான் ஓய்வு, அவர் கையெழுத்துக்கு இல்லை. வாரம் இரண்டு மனு எழுதுவார், ஒரு நகல் மேலிடத்துக்குப் போகும். எல்லா மனுவும் ஒரே விஷயத்தைப் பற்றித்தான்: மூன்றாம் தெரு முனையில் மதகுச் சுவர்மேல் உட்கார்ந்திருக்கும் நாலு பேர்.

காலுறை செய்யும் ஆலையில் வேலை பார்த்தவர்கள் அந்த நாலு பேரும். ஆலை மூடிய பிறகும் பத்து மணி ஷிப்டுக்கு வருவதுபோலச் சுவருக்கு வந்துவிடுவார்கள். சாயங்காலம்வரை சீட்டாட்டம். தோற்றவர் ஜெயித்தவரைத் திட்டுவார். நடுவில், தெருவில் போகிற வருகிற அத்தனை பேரையும் எங்கே, எதற்கு என்று விசாரிப்பார்கள். அவர்களில் பெரிய வாய்க்காரருக்குப் பட்டப்பெயர் சங்கு. ஆலையில் ஷிப்டு மாறும்போது சங்கு ஊதியவர். கடைசியில் ஆலைக்கே சங்கு ஊதிவிட்டார்கள்; சத்தம் மட்டும் அவர் தொண்டையில் தங்கிவிட்டது. அவர் ஒருநாள் தலைவரைப் பார்த்து, “என்ன சார், இன்னைக்கு எத்தனை மனு?” என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கேட்டார். பொது அமைதிக்குப் பங்கம் என்பதற்கு அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

அறிக்கை கேட்டார் இன்ஸ்பெக்டர். ஏட்டம்மா இரண்டு நாள் அந்தச் சுவர்மேலேயே உட்கார்ந்து பார்த்தார். ஒருவர் எச்சில் துப்பினார். வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கழுவச் சொன்னதும், முணுமுணுத்துக்கொண்டே கழுவினார். சத்தம் உண்டு, வம்பு உண்டு, குற்றம் எதுவும் இல்லை என்று ஏட்டம்மா எழுதிக் கொடுத்தார். தாள் அப்படியே திரும்பி வந்தது. கூடவே ‘சமூக விரோதிகள் கூடும் இடம், இடிக்கப் பரிந்துரைக்கிறேன்’ என்று தட்டச்சு செய்த இன்னொரு தாளும் வந்தது.

“கையெழுத்தப் போடுங்கம்மா,” என்றார் இன்ஸ்பெக்டர். “அது என்ன உங்க மாமியார் வீட்டுச் சுவரா?”

ஏட்டம்மா போட்டுவிட்டார். ஒரு சுவருக்காக யார் மல்லுக்கட்டுவது?

சுவரை இடித்த அன்று தலைவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். தெரு நிஜமாகவே அமைதியானது. திருடனுக்கும் அதுதானே வேண்டும். முதல் வாரம் வாசல் குழாய்களின் பித்தளைத் தலைகள் காணாமல் போயின. இரண்டாம் வாரம் இரண்டு சைக்கிள்கள். மூன்றாம் வாரம், பட்டப்பகலில், தலைவர் வீட்டுத் தண்ணீர் மோட்டார். அந்த நேரத்தில் அவர் உள்ளே உட்கார்ந்து, தெருவில் அமைதி திரும்பியதற்கு மேலிடத்துக்கு நன்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

மோட்டார் காணவில்லை என்பதற்காகத் திருட்டு என்று ஏன் அவசரப்பட வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். தலைவர் நகல்களைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும், கம்பத்தில் ஒரு கேமரா மாட்டப்பட்டது. நாலாம் நாள் கேமராவையும் காணோம்.

ஏட்டம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. நாலு ஜோடிக் கண்கள் சம்பளம் இல்லாமல் காவல் காத்த தெரு அது. அந்தக் கண்களைத் தன் கையெழுத்துதான் விரட்டியது என்று அவருக்குத் தெரியும். மறுநாள் சங்கு வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தது அவர் மனைவி, ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை செய்கிறவர்.

“கையெழுத்துப் போட்டது நீங்கதானா?” என்று கேட்டார்.

“நான்தான்.”

அந்தம்மா வழிவிடவில்லை. “அவரு வாய அடக்கச் சொல்லி நானே தினம் சண்டை போடுவேன். இப்ப ரெண்டு மாசமா கட்டில்ல சுவத்தப் பாத்துப் படுத்திருக்காரு. சாப்பிடுறீங்களான்னு கேட்டாத் தலைய மட்டும் ஆட்டுறாரு. வேலை விட்டு வீட்டுக்கு வரவே பயமா இருக்கு.”

உள்ளிருந்து குரல் வந்தது. இரண்டடி தள்ளி நின்றால் கேட்டிருக்காது. “சமூக விரோதி வீட்ல போலீசுக்கு என்ன வேலை?”

“மன்னிப்புக் கேக்க வந்தேன் அண்ணே. பொய்யின்னு தெரிஞ்சேதான் போட்டேன். தெருவுல யாரு வர்றா போறான்னு கேக்க இப்ப ஒருத்தரும் இல்ல.”

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. பிறகு, “உக்கார இடம் எங்க இருக்கு?” என்றார் சங்கு.

அடுத்த நாள், பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்த வேனில் ஸ்டேஷனின் இரண்டு பெஞ்சுகளும் ஏறின. “இத்தனை வருஷ சர்வீஸ்ல உனக்கு இதுதான் முதல் திருட்டுக் கேஸ். என் பேர மட்டும் சேத்துடாத,” என்றார் வீட்டுக்காரர். ஆனால் மதகு ஓரத்தில் பெஞ்சு ஆடாமல் நிற்கக் கல் தேடி முட்டுக் கொடுத்தது அவர்தான்.

மற்ற மூவரும் அன்றே வந்துவிட்டார்கள். சங்கு நாலாம் நாள் வந்தார். ஓரமாக உட்கார்ந்தார், சீட்டைத் தொடவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த வாரம், அடுப்பு ரிப்பேர் பையோடு ஒருவர் மூன்றாம் முறையாக அந்தப் பக்கம் வந்தார். ஒரு கதவையும் தட்டவில்லை; எந்த வீட்டில் பூட்டுத் தொங்குகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டு போனார். சங்கு எழுந்து நின்றார்.

“அண்ணே, யாரு வீட்டு அடுப்பு?”

இரண்டு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த சத்தம் அது. நாலு தெருவிலும் ஜன்னல்கள் திறந்தன. அந்த ஆள் பையைப் போட்டுவிட்டு ஓடிய திசையில் ஏட்டம்மா ரோந்து வந்துகொண்டிருந்தார். அவர் துரத்தக்கூட வேண்டியிருக்கவில்லை. வந்தவர் நேராக வந்து மோதினார். அவர் வீட்டில் மோட்டார் கிடைத்தது, சைக்கிள்கள் கிடைத்தன. கேமராவை மட்டும் விற்கும் எண்ணம் அவருக்கு இல்லை போலும்; தன் வீட்டு வாசலில் மாட்டியிருந்தார். அவர் குடியிருக்கும் பக்கம் திருட்டுப் பயம் ஜாஸ்தியாம்.

சிறந்த பாதுகாப்புக் குழு என்று தலைவருக்கும், மக்களை அரவணைத்தவர் என்று இன்ஸ்பெக்டருக்கும் கேடயம் கிடைத்தது. ஏட்டம்மாவுக்கு, அரசு மரச்சாமான் எங்கே என்று மெமோ கிடைத்தது. அதற்கான பதிலில், சுவர் பற்றித் தான் கொடுத்த பரிந்துரை பொய் என்பதையும், திருட்டு அதன் பிறகே தொடங்கியது என்பதையும் சேர்த்து எழுதினார். அந்த இரண்டு வரியை மட்டும் அடித்துவிட்டால் மெமோவை மறந்துவிடலாம் என்று இன்ஸ்பெக்டர் நயமாகச் சொல்லிப் பார்த்தார். ஏட்டம்மா அடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து நிம்மதியாக இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

பதினைந்தே நாளில், நகரின் மறுகோடி ஸ்டேஷனுக்கு மாற்றல் வந்தது. அங்கே ஆறு தெருக்கள். முதல் நாள் காலையிலேயே நடந்து பார்த்துவிட்டு, கேன் தண்ணீர் போடுகிறவரை நிறுத்தினார்.

“இந்தத் தெருவுல வேலைவெட்டி இல்லாம உக்காந்து வம்பளக்கிறவங்க யாராவது இருக்காங்களா?”

தண்ணீர்க்காரர் சீருடையை மேலும் கீழும் பார்த்தார். அப்படி யாருமே இல்லை, எல்லாரும் ரொம்ப நல்லவர்கள் என்று சொல்லிவிட்டு வேகமாக வண்டியை மிதித்தார். கேட்டது விரட்டுவதற்கு அல்ல என்று அவரை நம்பவைக்க ஏட்டம்மாவுக்கு ஒரு மாதம் பிடித்தது.