பதினோரு நாள் பால்

குடும்பப் பைபிளின் முன்பக்கத்தில் பிறப்புகள் எழுதப்பட்டிருந்தன. டெல்ரோஸ், 1971 மார்ச் 4. நோவலெட், 1978 அக்டோபர் 19. அங்கே எழுதப்படாதவையும் உண்டு. மூத்தவள் பிறந்த பதினோராம் நாள் தாய் ஐசில்டா கிங்ஸ்டன் நகரத்துக்கு வீட்டுவேலைக்குத் திரும்பினாள். குழந்தை பெரியம்மாவிடம் டின் பாலும் சோளமாவுக் கஞ்சியும் குடித்து வளர்ந்தது. இளையவள் பிறந்தபோது ஐசில்டா வேலையை விட்டு ஊரோடு இருந்தாள். நோவலெட் மூன்று ஆண்டு இரண்டு மாதம் தாய்ப்பால் குடித்தாள்.

டெல்ரோஸ் இதை மறந்த நாளில்லை. நாற்பதை நெருங்கிய தங்கை, ஞாயிறு ஆராதனைக்காகச் சனிக்கிழமை தலை பின்னும்போது சீப்பைக் கீழே போட்டுவிட்டு அம்மாவிடம் தலையைக் கொடுத்ததைக் கண்டு அவள் வயிறு எரிந்தது.

"மகாராணிக்குக் கை தூக்கக்கூட ஆள் வேணுமோ?"

"தூக்க முடியலைக்கா."

"செல்லம் குடுத்த கைதானே, எப்படித் தூக்கும்!"

அடுத்த மாதம் தேவாலயத்தில் பாட்டுக்கு எல்லாரும் எழுந்தார்கள். நோவலெட்டால் பெஞ்சிலிருந்து எழ முடியவில்லை. மருத்துவர் தொடையில் துளி தசை வெட்டிப் பார்த்தார். தசை அழற்சி, ஒரு வைரஸின் பின்விளைவு. உடம்பில் அது இருந்தும் பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாது, சிலரைத்தான் பிடிக்கும் என்றார். தாய்க்கும் மூத்தவளுக்கும் ரத்தம் எடுத்தார். தாய்க்கு இருந்தது. நெடுநாள் குடித்த பாலில் இளையவளுக்கு இறங்கியிருக்கலாம். டெல்ரோஸுக்கு இல்லை.

"நீயாவது தப்பிச்சியே மகளே," என்றாள் ஐசில்டா, வீட்டில் நோவலெட்டின் தலையைச் சீவியபடி.

"தப்பிச்சேனா? தள்ளி வச்சே. அதுக்குப் பேரு தப்பிக்கிறதா?"

நோயிலும் தனக்குப் பங்கில்லை என்று நெஞ்சு வெந்தது. அப்படி வெந்ததற்கு வெட்கமும் வந்தது.

நோவலெட் நாற்காலியிலிருந்து சிரித்தாள். "மாத்திக்கலாமாக்கா? என் மூணு வருஷத்தை நீ எடுத்துக்கோ. உன் ரெண்டு கையை எனக்குக் குடு."

டெல்ரோஸ் அம்மாவின் கையிலிருந்த சீப்பைப் பிடுங்கினாள்; தங்கையின் தலையில் வகிடெடுத்தாள்.

"மெதுவாடி, தலை வலிக்கும் அவளுக்கு," என்று ஐசில்டா குறுக்கே கை நீட்டினாள்.

"நீ தொடாதே. நீ மூணு வருஷம் வச்சிருந்தே. இனிமே இவ என் பங்கு."

மாத்திரைகளால் கால் சற்றுத் தேறியது, தோள் தேறவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணையோ, பெற்ற தாயையோ அந்தச் சீப்பைத் தொட டெல்ரோஸ் விட்டதில்லை. பைபிளில் இருவர் பெயருக்கும் கீழே அவளே பின்னர் எழுதிச் சேர்த்தாள்:

டெல்ரோஸ், பால்: பதினோரு நாள்.
நோவலெட், பால்: மூன்று ஆண்டு, இரண்டு மாதம்.
நோவலெட்டுக்கு டெல்ரோஸ் தலை பின்னியது: ஒன்பது ஆண்டு.