வலைக்குப் பின்னால் மூன்று கூடுகள்

ரூ பிலிப்-து-ஜிரார் என்ற பிரெஞ்சுத் தெருவில் எங்கள் ஊரவர் ஒருவருக்குச் சொந்தமான நான்கு மாடிக் கட்டடம் இருக்கிறது. கீழே அவருடைய மளிகைக்கடை. மேலே, கூரைத் தகட்டுக்கு அடியிலுள்ள வெடிப்புகளில், மூன்று சோடி உழவாரக் குருவிகள் கூடு கட்டும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்து, ஒவ்வொரு வருடமும் அதே ஓட்டைக்குள் நுழையும் பறவைகள். கட்டடக்காரர்களிடம் பேசி அந்த ஓட்டைகளைக் காப்பாற்றுவதுதான் என் வேலை. அதற்காகவே உயிரியல் படித்தேன்.

மற்ற உரிமையாளர்களுக்கு முதலில் பதிவுக் கடிதம் போகும்: கூடுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, குஞ்சுகள் பறக்கும்வரை சுவரில் கை வைக்க வேண்டாம் என்று. இவருக்கு மட்டும் நான் அனுப்பவில்லை. என் கலியாணத்துக்கு வந்தவர். என் மாமி, கணவரின் தாய், அவரிடம்தான் சாமான் வாங்குகிறார். கடிதம் அனுப்பினால் அவமதித்ததாகிவிடுமோ என்று பயந்து, ஏப்ரலில் மகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நேரே போனேன். தேத்தண்ணி தந்தார்.

"சுவர் வேலையைத் துவங்காமல் ஓகஸ்ட் மட்டும் பொறுங்கோ, அண்ணை. அதுக்குள்ள குஞ்சுகள் பறந்திடும்."

"ஓம் பிள்ளை, நீர் யோசியாதையும்."

கையெழுத்துக் கேட்க வெட்கமாக இருந்தது. கேட்கவில்லை.

ஜூன் கடைசியில் மகளோடு அந்தத் தெருவால் போனபோது, கட்டடம் முழுக்கச் சாரக்கட்டு. கூரைவரை பச்சை வலை. பறவைகள் கத்திக்கொண்டு சுற்றின. நேரே வந்து வலையில் மோதித் திரும்பின. உள்ளே குஞ்சுகள் பொரித்திருக்கும். என் பிழை, என் பிழை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

கடைக்குள் போய், ஏன் பொறுக்கவில்லை என்று அவரிடம் கேட்டேன்.

"ஓகஸ்ட் எண்டால் ஆடியெல்லோ, பிள்ளை? ஆடியில ஆரும் வேலை துவங்குவினமோ? அதுதான் நாள் பாத்து ஆனியில துவங்கினனான்."

ஆடி கழிந்து ஆவணி பிறக்கட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். அலுவலகத்தில் பேசுவதுபோல அவரிடமும் பேசியிருக்கிறேன்.

"அப்ப மேல்வலையையெண்டாலும் திறந்து விடுங்கோ. கூரைக்குக் கீழ இப்ப வேலை வேண்டாம்."

"குருவிக்கு வக்காலத்து வாங்க வந்தனீரோ?"

கறிவேப்பிலை பொறுக்கிக்கொண்டிருந்த ஒருவர் சிரித்தார். "அதுகளிட்டையும் வாடகை வாங்குங்கோ, அண்ணை!"

எல்லோரும் சிரித்தார்கள். மகள்கூடச் சிரித்தாள்.

"பின்னேரத்துக்குள்ள திறக்காட்டி, ப்ரெஃபெக்துருக்கு எழுதுவன்," என்றேன்.

சிரிப்பு நின்றது. பறவைச் சட்டத்தையும் விசாவையும் பார்க்கும் அரச அலுவலகம் அது. விசாவுக்காக அதன் வாசலில் விடியமுன் வரிசையில் நின்றிராத ஆள் அந்தக் கடையில் இருந்திருக்க மாட்டார். எங்கள் ஆட்களுக்கு எதிராக ஒருவரும் அங்கே போவதில்லை.

"எங்கட ஆளையே காட்டிக் குடுக்கப் போறீரோ?" கடைக்காரரின் குரல் தாழ்ந்துவிட்டது.

தள்ளுவண்டியின் பிடியை இறுக்கிக்கொண்டேன். அந்தச் சொல்லுக்குப் பிறகு இந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியுமா என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு சொன்னேன்:

"எங்கட ஆள் எண்டதாலதான் உங்களுக்குக் கடிதம் அனுப்பேல்லை. அது என்ர பிழை. இன்னொருக்கா விடமாட்டன்."

அவர் என்னைப் பார்க்காமல் வெளியே போய், மேலே நின்ற வேலையாளைக் கூப்பிட்டார். மேல்வலையைச் சுருட்டிக் கட்டினார்கள். எதிர்நடைபாதையில் நின்று பார்த்தேன். மகளுக்கு அங்கேயே வாழைப்பழம் தீத்தினேன். ஒரு மணித்தியாலம் போனபின் ஒரு பறவை உள்ளே பாய்ந்தது. பிறகு பக்கத்து ஓட்டைக்குள் இன்னொன்று. மூன்றாவது ஓட்டைக்குள் அன்றும் ஒன்றும் போகவில்லை, அடுத்து வந்த நாட்களிலும் போகவில்லை.

கதை எனக்கு முன்னமே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

"போய் ஒரு சொல்லு மன்னிப்புக் கேட்டிட்டு வாரும்," என்றார் மாமி. "அந்தாளின்ர முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது?"

மாமி சொன்ன எதையும் அதுவரை நான் மறுத்ததில்லை.

"கேக்கமாட்டன், மாமி. நான் பிந்திப் போனதால செத்த குஞ்சுகளிட்டைத்தான் கேக்கவேணும்."

கடைக்காரர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. நான் இன்றும் அவருடைய கடைப்பக்க நடைபாதையால்தான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறேன். கடை வாசலில் நின்று, மேலே பார்த்துக் கூடுகளை எண்ணுகிறேன்.