உரப்பைச் சூரன்

என் பேத்தி படிக்கும் முன்பள்ளியில் இருந்து ஒரு கடதாசி வந்தது. விளையாட்டுப் போட்டி அன்று வினோத உடைக்கு வாடகைச் சட்டை கூடாது, வீட்டில் கழித்துவிட்ட சாமான்களில்தான் செய்ய வேண்டும் என்று ரீச்சர் எழுதியிருந்தார். வங்கியில் பெரிய கதிரையில் இருக்கும் என் மகள் அதை வாசித்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். பட்டம் படித்த பிள்ளை, ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். சுன்னாகம் சந்தையில் வெங்காய மூட்டை சுமக்கத் தொடங்கி, இன்று நாலு லொறி ஓட விட்டிருக்கிறேன். என்னால் ஒரு சட்டை தைக்க முடியாதா?

“உந்தச் சட்டையை என்னட்டை விடு பிள்ளை” என்றேன்.

மகளின் கவலை சட்டை மட்டும் அல்ல. போன வருடம் பேத்தியை வாடகைச் சிறகு கட்டித் தேவதையாக விட்டார்கள். ஒரு கொடியில் இருந்து மற்றக் கொடிவரை தனியே நடக்க வேண்டும், அவ்வளவுதான். பிள்ளை முதல் கொடியிலேயே நின்று கத்தி அழுதது. தாய் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வந்தாள். பிறகு பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் அவளை அழுகைத் தேவதை என்று கூப்பிட்டார்களாம். ஐந்து வயதுக்கு அது பெரிய மானக்கேடு. இந்த முறையும் அழுதால் இனி மேடை, மைதானம் எதற்கும் அனுப்புவதில்லை என்று மகள் தீர்மானம் எடுத்திருந்தாள்.

என்ன வேஷம் வேண்டும் என்று பேத்தியிடமே கேட்டேன். தாய் டெங்கு நுளம்பு என்றாள். பேத்தி சூரன் என்றாள். ஏன் என்றால், சூரன் அழமாட்டான்.

நியாயமான பேச்சு. அதோடு சூரனைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும்? எங்கள் கோயில் சூரன்போரில் இருபது வருடத்துக்கு மேல் மரச் சூரனைத் தூக்கிக் காவிய தோள் இது. காவுதடியின் முன் கொம்புக்கு ஆள் தேடினால் முதலில் என்னைத்தான் பார்ப்பார்கள்.

உடம்புக்கு இரண்டு உரப்பை. தலைக்கு பிஸ்கட் பெட்டி. கண்ணுக்குப் பால்மா ரின் மூடி, பல்லுக்கு யோகட் கோப்பை, காதுக்குப் பழைய சீடித் தட்டு. நெஞ்சுக் கவசத்துக்கு மீன் ரின்களைத் தட்டிப் பரப்பினேன். மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும், பக்கத்து வீட்டுப் பூனை இரண்டு நாள் சூரனுக்கு முன்னால் பக்தியோடு குந்தியிருந்தது. மீசைக்குத் தும்புத்தடியை வெட்டினேன். அது கழித்துவிட்ட சாமான் இல்லை, நேற்றுவரை வீடு கூட்டியது என்று மனைவி சண்டைக்கு வந்தாள்.

“இஞ்சாருங்கோ, உங்கடை வேட்டியும் பழசுதான். அதையும் வெட்டுவமோ?”

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கலைஞன் ஒருவன் வேலை செய்யும்போது வீட்டில் சத்தம் இருக்கத்தான் செய்யும்.

பேத்தியை மேசையில் நிற்க வைத்து, சாக்கு ஊசியால் கழுத்தில் இருந்து குதிக்கால்வரை இறுக்கித் தைத்துப் பார்த்தேன். கோயில் சூரன் அச்சாக வந்துவிட்டது. நிற்கச் சொன்னேன், நின்றாள். நடக்கச் சொல்லவில்லை. போட்டியன்று காலையும் அப்படியே தைத்து, வான் வண்டியில் இருந்து தூக்கிக்கொண்டு போய் முதல் கொடிக்குப் பக்கத்தில் இறக்கினேன். சூரனைத் தூக்கிக்கொண்டு போவதுதானே எங்கள் வழக்கம்.

ஒலிபெருக்கியில் அவள் பெயர் சொன்னார்கள். சூரன் அசையவில்லை. காலை எடுக்கப் பார்த்தாள், மூன்று விரல்கடை நகர்ந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் வாழ்நாளில் நான் பார்த்த சூரன் எதுவும் தன் காலால் நடந்ததில்லை. நடந்தது எல்லாம் எங்கள் கால். நானும் அதேமாதிரி, நடக்கக் கால் இல்லாத சூரனைத் தைத்து வைத்திருக்கிறேன்.

சனம் சிரித்தது. பெட்டித் தலைக்குள் இருந்து மூக்கு உறிஞ்சும் சத்தம் எனக்குக் கேட்டது. மடியில் இருந்த பேனாக்கத்தியை எடுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டப் போனேன். மகள் என் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தாள்.

“அப்பா, நீங்கள் உள்ளுக்குப் போனியளெண்டால் போன வருசம் மாதிரித்தான். நில்லுங்கோ.”

“கால் விடேல்லையடி பிள்ளை.”

“தெரியுது. நில்லுங்கோ.”

நின்றேன். நாலு லொறிக்காரன், கையில் கத்தியோடு, ஒன்றும் செய்ய வழி தெரியாமல் நின்றேன்.

சூரன் மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. வலக்குதி கிளம்பி, ஒரு சாண் முன்னே விழுந்தது. பிறகு வலப்பக்கம் சாய்ந்தது. கோயில் வீதியில் நாங்கள் சூரனை ஆட்டி ஆட்டிக் கொண்டு வருவோமே, அதே ஆட்டம். காவ ஆள் இல்லாமல் தானே ஆடுகிறாள். பின்னால் நின்ற கிழவர் ஒருவர் பழக்கதோஷத்தில் “அரோகரா” என்றார். அது சூரனுக்குச் சொல்வது இல்லை, ஆனாலும் சனம் முழுக்கச் சொல்லத் தொடங்கியது. நடுமைதானத்தில் ஒரு கண் கழன்று உருண்டது. சூரன் திரும்பியும் பார்க்கவில்லை. அடுத்தடுத்து விட்ட மூன்று நுளம்புகளும் ஒரு மரக்கறிக்காரியும் அவளைச் சுற்றிக்கொண்டு முந்திப் போனார்கள்.

கடைசிக் கொடிக்கு ஓடிப்போய்க் கையை நீட்டினேன்.

“தொடாதேங்கோ அம்மப்பா. இன்னும் கோடு தாண்டேல்லை.”

இன்னும் ஒரு ஆட்டம். தாண்டினாள்.

முதற்பரிசு ஒரு நுளம்புக்குப் போனது. நடுவர்களுக்குக் கண் பரிசோதனை தேவை, அதை விடுவோம். ரீச்சர் சிரித்துக்கொண்டு வந்து, இவ்வளவு வடிவாக இதைச் செய்தது யார் என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமி, சட்டையை இழுத்துவிட்டு, சந்தையில் மூட்டை சுமந்த காலத்தில் இருந்து தொடங்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

“அம்மப்பா, கெதியா வெட்டுங்கோ” என்றது சூரன். “ஒண்டுக்கு வருது.”

சூரனைத் தூக்கிக்கொண்டு கட்டடத்துக்குப் பின்னால் ஓடினேன். நான் திரும்பி வர ரீச்சர் போய்விட்டார். செய்தது யார் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. இதை வாசித்தாவது தெரிந்துகொள்ளட்டும்.