தங்கை சொன்ன நிறங்கள்

எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மண் நிறமாகத்தான் தெரியும். இது தங்கைக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். எழுபதுகளின் நடுவில், செங்கல்பட்டில் அத்தாவின் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஜவுளிக்கடை மாடியில் உட்கார்ந்து வட்டமும் முக்கோணமும் சதுரமுமாகப் படம் போட்டுக்கொண்டிருந்தேன். ஆள், மரம், கோபுரம் எதுவும் இல்லாத படங்கள். அளவுகோலும் காம்பஸும் வைத்துக் கோடு போடுவது என் வேலை. எந்தக் கட்டத்துக்கு என்ன நிறம் என்பதை அவள்தான் சொல்வாள். புடவைக்கு ரவிக்கைத் துணி பொருத்திக் கொடுப்பதில் அவளுக்கு அப்படி ஒரு கண்.

"இந்த முக்கோணத்துக்குக் கிளிப்பச்ச வேணாண்ணே, பக்கத்துல கீற வட்டத்த அமுக்கிடும். மொளகாப்பழ செவப்பு போடு. சின்னதா இருந்தாலும் நிக்கும்" என்பாள். குழைத்தும் தருவாள்.

மாமல்லபுரத்தில் ஒரு விடுதிக் கூடத்தில் என் படங்கள் ஆறை மாட்டினார்கள். அத்தாவும் தங்கையும் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். மெட்ராஸிலிருந்து வந்த ஓவிய ஆசிரியர் ஒருவர் பெரிய படத்தின் முன் வெகுநேரம் நின்றார்.

"வடிவத்தப் பழகினா யாரும் போட்டுடலாம். இந்த நிறமெல்லாம் எப்படித் தோணிச்சு உங்களுக்கு?" என்று கேட்டார்.

தங்கை இரண்டடி தள்ளித்தான் நின்றாள். அவளைக் கைகாட்டியிருந்தால் போதும். நான் கடலைப் பற்றிப் பேசினேன். விடியல், மௌனம் என்று எங்கெங்கோ போனேன். அவர் எந்த நிறத்தைக் கேட்கிறார் என்றுகூட எனக்குப் புரிந்திருக்கவில்லை. அத்தாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த வாரம் புதுப் படத்துக்குக் கோடு போட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

துணி மடித்துக்கொண்டே, "கடலப் பாத்தா தோணும்னியே. பாத்துப் போடு" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. டப்பாக்களில் எழுதியிருந்த பெயர்களைப் படித்துப் படித்து நானே பூசினேன். அத்தா பார்த்துவிட்டு, "இன்னாடா இது, கண்ணு கூசுது" என்றார். அதோடு படம் போடுவதை விட்டேன்.

மறுவருஷம் அவளுக்குக் கோவளத்தில் கல்யாணமானது. ஒருநாள் அவள் வீட்டுக்குப் போய், அன்று நான் செய்தது தப்பு என்று ஒருவழியாகச் சொன்னேன்.

"அத்தாகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டாள்.

இல்லை என்று தலையாட்டினேன்.

"மொதல்ல அவராண்ட சொல்லு" என்று சொல்லிவிட்டு டீ போட எழுந்து போனாள்.

அத்தா இருந்தவரைக்கும் நான் சொல்லவில்லை.