அம்மா நல்லவள் இல்லை

டென்மார்க்கில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மதியச் சாப்பாட்டுக்கு முன் வழக்கம்போல நெற்றியில் கைவைத்துச் சிலுவை போட்டுக்கொண்டேன். எதிரில் இருந்த லிஸ்பெத், “ஹோவெபீனே?” என்று கேட்டுவிட்டு, பையிலிருந்து மாத்திரை எடுத்து நீட்டினார். அந்தச் சொல்லுக்குத் தலைவலி என்று பொருள். கொடியிலேயே சிலுவை வைத்திருக்கும் நாட்டில் என் சிலுவை தலைவலியாகத் தெரிந்தது. எங்கள் மரக்காணத்தில் பஸ் மாதா கோயிலைத் தாண்டும்போது நாலு பேர் சிலுவை போடுவார்கள், நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஏன் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

லிஸ்பெத் என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் நர்ஸ். கடவுள் இல்லை என்பதில் உறுதியானவர். பழகிய பிறகு ஒருநாள் நேராகவே கேட்டார்: “அன்பாக இரு, உதவி செய் என்று எல்லா மதமும் சொல்கிறது. மதம் இல்லாமலே நானும் அதைச் செய்கிறேன். உங்களுடையதில் தனியாக என்ன இருக்கிறது?” மறைக்கல்வி வகுப்பில் படித்ததையெல்லாம் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே இருந்தார். ஒப்புக்கொள்கிறார் என்று நினைத்தேன், மரியாதைக்கு ஆட்டியிருக்கிறார். அப்புறம்தான் அண்ணன் செத்த கதையைச் சொன்னேன்.

அண்ணன் சகாயம் பாண்டிச்சேரியில் கம்பெனி வேலை முடித்து பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தபோது, ஈ.சி.ஆரில் தவறான பக்கம் வந்த வேன் அடித்துவிட்டது. டிரைவர் வானூர்ப் பக்கத்து ஆள். முப்பதாம் நாள் பூசையன்று அவன் மனைவி கைக்குழந்தையோடு வந்து கோயில் கேட்டுக்கு வெளியே நின்றாள். சித்தப்பா அவளை விரட்டப் போனார். முன் வரிசையில் இருந்த அம்மா எழுந்து பின்னாலேயே போனாள். உப்பளத்தில் உப்பு வாரிக் காய்த்த கை அது. அறையப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அறைய வேண்டும் என்றும் விரும்பினேன்.

அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். “வெயில்ல எதுக்கு நிக்கிற? உள்ள வந்து ஒக்காரு.”

“ஏன் அண்ணி, பெத்த புள்ளைய வாரிக் குடுத்துட்டு இவளுக்கு எடம் குடுக்கறீங்களா?” என்றார் சித்தப்பா.

“எனக்கு மட்டும் வயிறு எரியலையா? தன்னைக் கொன்னவங்களுக்காக வேண்டிக்கிட்டே சிலுவையில செத்தவருப்பா அவரு. அவரக் கும்புட நான் உள்ள போவணும், இவ மட்டும் வெளிய நிக்கணுமா?”

பூசை முடியும்வரை அம்மா அழுதாள். பக்கத்தில் இருந்தவளின் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பிடித்த கையையும் விடவில்லை.

“அப்படியானால் அவனுக்குத் தண்டனை?” என்று லிஸ்பெத் கேட்டார். கிடைத்தது. சமாதானம் பேச வந்தவர்களிடம், “கேச கோர்ட்டு பாத்துக்கும், என் மனச நான் பாத்துக்கறேன்” என்று சொல்லி அம்மா அனுப்பிவிட்டாள். டிரைவர் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

“உன் அம்மா நல்லவர். அதற்குக் கடவுள் எதற்கு?”

எனக்குச் சிரிப்பு வந்தது. குழாயடியில் குடத்தை நகர்த்தி வைத்ததற்காகப் பக்கத்து வீட்டுக்காரியோடு வருஷக்கணக்கில் பேசாதவள் அம்மா. இரும்பை ஊர்ச் சிவன் கோயிலுக்குப் போகிற என் தோழிகள் அவளைவிட எவ்வளவோ பொறுமைசாலிகள். “அம்மா நல்லவள் இல்லை. அதுதான் நீங்கள் கேட்ட தனித்தன்மை” என்றேன். “நல்லவர்களாகி மேலே வாருங்கள் என்று எங்கள் கடவுள் காத்திருக்கவில்லை. கீழே வந்தார், எங்கள் கையாலேயே செத்தார், நாங்கள் வருந்துவதற்கு முன்பே மன்னித்தார். தன்னிடம் இல்லாததை அம்மா அவரிடம் வாங்கித்தான் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தாள்.”

லிஸ்பெத் சொன்னார்: “எங்கள் மொழியில் அதற்கு ஒரு சொல் உண்டு. நோதெ, தகுதி பார்க்காமல் கிடைக்கும் அருள். இப்போது யாரும் பேச்சில் சொல்வதில்லை. ஆனாலும் நான் நம்பவில்லை.”

“நம்பச் சொல்லவில்லை. கேட்டீர்கள், சொன்னேன்.”

ஞாயிற்றுக்கிழமைகளில் இங்குள்ள சின்னக் கோயிலுக்குப் போகிறேன். இயேசு கற்பித்த பரலோக மந்திரத்தை எல்லோரோடும் டேனிஷில்தான் தொடங்குகிறேன். தீமை செய்தவர்களை நாங்கள் மன்னிப்பதைப் பற்றிய வரி வந்ததும் நாக்கு தானாகத் தமிழுக்குப் போய்விடுகிறது. தமிழில் அந்த வரி நீளம். சுற்றிலும் இருப்பவர்கள் அடுத்த வரிக்குப் போன பின்னும் நான் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முடித்துவிட்டு அவர்களைத் துரத்திப் பிடிப்பதற்குள் ஆமென் வந்துவிடுகிறது.